சாஃப்ட் ஸ்கில்னா இங்கிலீஷ் பேசுறதா? வேலை இடத்தில் மென்திறன் ஏன் அவசியம்... எப்படி வளர்த்துக்கொள்வது?

"பையன் வேலையில கெட்டிக்காரன்தான். ஆனா சாஃப்ட் ஸ்கில் பத்தல."

கேம்பஸ் இன்டர்வியூவில் தொடங்கி அப்ரைசல் மீட்டிங் வரைக்கும் இந்த ஒரு வரி பலரைத் துரத்துகிறது. குறிப்பாக, வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, முதல் ஆளாக அலுவலக வாசலை மிதிக்கும் இளைஞர்களுக்கு இந்த வரி புரிவதே இல்லை. சி ப்ளஸ் ப்ளஸ் தெரியவில்லை என்றால் படித்துக்கொள்ளலாம். டேலி தெரியவில்லை என்றால் மூன்று மாத கோர்ஸ் இருக்கிறது. சாஃப்ட் ஸ்கில் பத்தவில்லை என்றால் என்ன செய்வது? எது பத்தவில்லை என்றே யாரும் சொல்வதில்லையே?

இது வெறும் இன்டர்வியூ பிரச்சினை இல்லை. விமானத்தின் காக்பிட்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் கம்பெனியின் லாபக் கணக்கையே மாற்றிய விஷயம். அந்த லாபத்தில் தொழிலாளிக்கு எவ்வளவு கிடைத்தது என்பது அதைவிட முக்கியமான கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாஃப்ட் ஸ்கில் என்றால் என்ன?

ஒரு வேலையைச் செய்யத் தேவையான தொழில் அறிவு 'ஹார்ட் ஸ்கில்'. வெல்டிங் செய்வது, கோடிங் எழுதுவது, ஊசி போடுவது, கணக்கு முடிப்பது எல்லாம் இதில் வரும். அந்த வேலையை நான்கு பேரோடு சேர்ந்து, நேரத்துக்கு, சண்டை இல்லாமல், தவறு நேர்ந்தால் உடனே சொல்லி முடிக்கத் தேவைப்படும் திறமைதான் 'சாஃப்ட் ஸ்கில்'. தமிழில் மென்திறன் என்கிறோம்.

பொதுவாக இதில் சேர்க்கப்படுபவை:

• சொல்ல வந்ததைப் புரியும்படி சொல்வது
• எதிரில் இருப்பவர் சொல்வதை முழுதாகக் கேட்பது
• குழுவாக வேலை செய்வது
• நேரத்தையும் மன அழுத்தத்தையும் கையாள்வது
• பிரச்சினையைப் பிரித்துப் பார்த்து முடிவெடுப்பது
• கருத்து வேறுபாட்டைச் சண்டையாக்காமல் பேசித் தீர்ப்பது
• குறை சொன்னால் ஏற்றுக்கொள்வது, மற்றவரிடம் குறை சொல்லத் தெரிவது

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு மாதிரி தோன்றலாம். ஆனால் திருக்குறளின் அதிகாரப் பட்டியலைப் புரட்டினாலே இதில் பாதி கிடைக்கும். 10வது அதிகாரம் இனியவை கூறல், 65வது சொல்வன்மை, 71வது குறிப்பறிதல், 72வது அவை அறிதல், 73வது அவை அஞ்சாமை. சொல்வன்மை முதல் அவை அஞ்சாமை வரையிலான அதிகாரங்கள் அமைச்சரைப் பற்றிப் பேசும் இடத்தில் வருபவை. அதாவது, அரசனிடம் வேலை பார்ப்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் இடம். இன்றைய மொழியில் சொன்னால், மேலதிகாரியின் முகம் பார்த்துப் பேசுவது, கூட்டத்தின் தன்மை அறிந்து பேசுவது, கூட்டத்தைக் கண்டு பயப்படாமல் பேசுவது.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

பெயர் வந்தது கார்ப்பரேட் ஆபீஸில் இருந்து இல்லை, அமெரிக்க ராணுவத்தில் இருந்து. துப்பாக்கி, டாங்க், ஜெனரேட்டர் போன்ற இயந்திரங்களைக் கையாளப் பயிற்சி கொடுப்பது ராணுவத்துக்குச் சுலபமாக இருந்தது. படிப்படியாக எழுதிவைத்து, செய்யவைத்து, மார்க் போட்டுவிடலாம். ஆனால் வீரர்களை வழிநடத்துவது, மேற்பார்வை செய்வது, ஆலோசனை சொல்வது போன்ற வேலைகளுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது?

இயந்திரத்தோடு பெரிதாகச் சம்பந்தம் இல்லாத இந்த வேலைத் திறன்களைத்தான் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்று அழைத்தார்கள். இதற்காகவே 1972ஆம் ஆண்டு டெக்சாஸில் உள்ள ஃபோர்ட் பிளிஸ் ராணுவ தளத்தில் ஒரு மாநாடும் நடந்தது.

'மென்' என்ற சொல்லைப் பார்த்து இது லேசான விஷயம், இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அளக்கக் கஷ்டமானது என்பதுதான் இதன் பிரச்சினை.

அப்போ இங்கிலீஷ் தெரிந்தால் போதுமா?

நம்மூரில் அதிகம் நடக்கும் குழப்பம் இதுதான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பையே 'சாஃப்ட் ஸ்கில்ஸ் டிரெயினிங்' என்று போர்டு மாட்டி நடத்துகிறார்கள். ஆங்கிலம் ஒரு மொழி. வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தால் அது கட்டாயம் வேண்டும். அதில் மறுப்பே இல்லை.

ஆனால் சரளமாக ஆங்கிலம் பேசிக்கொண்டே அடுத்தவரை வாயைத் திறக்க விடாத ஆளை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். அதேபோல, ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேசத் தயங்கினாலும், பிரச்சினை எங்கே இருக்கிறது என்று தமிழில் இரண்டே வரியில் தெளிவாகச் சொல்லும் சூப்பர்வைசரும் இருப்பார். மென்திறன் அதிகம் இருப்பது இரண்டாவது ஆளிடம்தான்.

வங்கி கவுன்ட்டரில் ஒரு பாட்டிக்குப் பொறுமையாக படிவம் நிரப்பிக் கொடுப்பது, வார்டில் பதறும் நோயாளியின் உறவினரிடம் நிதானமாக நிலைமையைச் சொல்வது எல்லாமே தமிழில் நடக்கும் மென்திறன்தான். ஆங்கிலம் வராததால் தனக்கு 'சாஃப்ட் ஸ்கில்லே இல்லை' என்று ஒருவர் முடிவு கட்டிக்கொள்ளத் தேவையில்லை. இரண்டும் வேறு வேறு. தனித்தனியாகக் கற்க வேண்டியவை.

583 உயிர்களைப் பறித்த தயக்கம்

மென்திறனை முதன்முதலில் சீரியஸாக எடுத்துக்கொண்ட துறைகளில் ஒன்று விமானத் துறை. அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 747 இன்னும் விலகாமல் இருந்தது. அதே ஓடுபாதையில் கே.எல்.எம். நிறுவனத்தின் இன்னொரு போயிங் 747 புறப்பட வேகமெடுத்தது. அந்த விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்தது. பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் போகவில்லையோ என்று கேட்டார். போய்விட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். கேப்டனோ அந்த நிறுவனத்தின் மிக மூத்த, மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கும் விமானி. அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றின் மிக மோசமான விபத்து இன்றும் இதுதான். பனி, ரேடியோவில் குழப்பம் என்று காரணங்கள் பல இருந்தாலும், சந்தேகம் வந்தவரின் குரல் எடுபடாமல் போனதும் அதில் ஒன்று.

அடுத்த ஆண்டே இன்னொன்று. 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரம். யுனைடெட் ஏர்லைன்ஸின் 173ஆம் எண் விமானத்தில் லேண்டிங் கியரில் கோளாறு. கேப்டன் அதைச் சரிபார்ப்பதிலேயே மூழ்கிவிட, விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானில் வட்டமடித்தது. எரிபொருள் குறைவது உடன் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. சொல்லவும் செய்தார்கள். ஆனால், 'இப்போதே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம்' என்று கேப்டனுக்கு உறைக்கும்படி சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 10 பேர் இறந்தனர்.

இரண்டு விபத்துகளிலும் விமானிகளின் தொழில் அறிவில் குறை இல்லை. குறை இருந்தது பேச்சில். கீழே இருப்பவர் அழுத்திச் சொல்லவில்லை, மேலே இருப்பவர் காதில் வாங்கவில்லை.

அதன் பிறகு என்ன மாறியது?

1979இல் நாசா இதுபற்றி ஒரு பயிலரங்கம் நடத்தியது. 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்கு இதற்கெனத் தனிப் பயிற்சியைத் தொடங்கியது. 'க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்' என்று அதற்குப் பெயர். கேப்டன் மற்றவர்களைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். மற்றவர்கள் மரியாதை குறையாமல், அதே நேரம் அழுத்தமாகத் தங்கள் சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். இன்று உலகம் முழுக்க விமானிகளுக்கு இந்தப் பயிற்சி உண்டு.

பலன் இருந்ததா? 1989 ஜூலை 19. அதே யுனைடெட் நிறுவனத்தின் 232ஆம் எண் விமானம் நடுவானில் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதையும் இழந்தது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் இல்லாத பஸ் மாதிரி நிலைமை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த இன்னொரு பயிற்சி விமானியையும் காக்பிட்டுக்குள் அழைத்து, நான்கு பேரும் பேசிப் பேசியே விமானத்தை சூ சிட்டி நகரில் தரையிறக்கினார்கள். விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். இந்தப் பயிற்சி இல்லாவிட்டால் இது சாத்தியமாகி இருக்காது என்பதை ஹெய்ன்ஸே பின்னர் பல மேடைகளில் சொன்னார்.

ஆபரேஷன் தியேட்டரில் பெயர் சொல்லி அறிமுகம்

விமானத் துறையின் பாடத்தை மருத்துவத் துறையும் எடுத்துக்கொண்டது. உலக சுகாதார அமைப்பு 2008இல் அறுவை சிகிச்சைக்கான ஒரு பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. 19 அம்சங்கள். நோயாளியின் பெயர், எந்த உறுப்பில் ஆபரேஷன், ஒவ்வாமை உண்டா போன்ற கேள்விகளோடு ஒரு விசித்திரமான அம்சமும் அதில் இருக்கிறது. கத்தி வைப்பதற்கு முன், அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஏன்? அறைக்குள் வந்ததும் ஒருமுறை வாய் திறந்து பேசிவிட்ட நர்ஸ், பிறகு ஏதாவது தப்பாகத் தெரிந்தால் 'டாக்டர், ஒரு நிமிஷம்' என்று சொல்லத் தயங்கமாட்டார் என்பதுதான் கணக்கு. டெல்லி உட்பட உலகின் எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. இதற்குப் பட்டியலின் எல்லா அம்சங்களும் சேர்ந்துதான் காரணம். ஆனால் அவற்றைச் செயல்பட வைத்தது அறைக்குள் நடந்த பேச்சு.

பெங்களூரு தையல் லைன் சொல்லும் கணக்கு

'இதெல்லாம் பைலட், டாக்டர் மாதிரி பெரிய வேலைகளுக்குத்தானே? தையல் மிஷினில் உட்காருபவருக்கு எதற்கு?' என்று கேட்கலாம். அதற்கான பதில் நம் பக்கத்திலேயே, பெங்களூருவில் இருக்கிறது.

அமெரிக்க ஆடை நிறுவனமான கேப், ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்காக ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கியது. 'பேஸ்' என்று பெயர். பேச்சுத் தொடர்பு, நேர மேலாண்மை, பிரச்சினையைத் தீர்ப்பது, பணத்தைக் கையாள்வது, சட்ட உரிமைகள் போன்றவை பாடங்கள். மொத்தம் சுமார் 80 மணி நேரம். தையல் நுட்பம் எதுவும் அதில் முக்கியப் பாடமாக இல்லை.

ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ஐந்து பெங்களூரு தொழிற்சாலைகளில் இந்தப் பயிற்சியை அச்சுத அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நிஷாதம் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். விருப்பம் தெரிவித்த பெண்களில் குலுக்கல் முறையில் சிலரைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்து, அவர்களையும் பயிற்சி பெறாதவர்களையும் ஒப்பிட்டார்கள்.

முடிவுகள் இவை:

• பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன், பெறாதவர்களைவிட 10 சதவீதத்துக்கும் மேல் கூடியது.
• அவர்களுக்குக் கடினமான ஆபரேஷன்கள் அதிகம் ஒதுக்கப்பட்டன. புதிய தொழில்நுட்பப் பயிற்சியை அவர்களே கேட்டு வாங்கினார்கள்.
• அதே லைனில் பயிற்சி பெறாமல் உட்கார்ந்திருந்த பெண்களின் வேலையும் மேம்பட்டது.
• பயிற்சி முடிந்த எட்டு மாதத்தில் நிறுவனத்துக்குக் கிடைத்த நிகர ஆதாயம், செலவழித்த தொகையைப் போல இரண்டரை மடங்கு.

தையல் கற்றுத்தராமலே தையல் எப்படி வேகமானது? ஒரு லைனில் ஒருவர் காலர் வைப்பார், இன்னொருவர் கை இணைப்பார், அடுத்தவர் பட்டன் அடிப்பார். பண்டல் ஒருவர் கையில் தேங்கினால் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் சும்மா உட்கார வேண்டும். ஊசி உடைந்தது, நூல் தீர்ந்தது, மிஷின் இழுக்கிறது என்பதை வாய்விட்டு உடனே சொன்னால் லைன் ஓடும். திட்டு விழுமே என்று பயந்து பேசாமல் இருந்தால் லைன் நிற்கும். விஷயம் இவ்வளவுதான்.

ஆனால் சம்பளம்?

இங்கேதான் இந்த ஆய்வின் கசப்பான பகுதி வருகிறது. உற்பத்தி அவ்வளவு கூடியும், பயிற்சி பெற்ற பெண்களின் சம்பளம் கூடியது வெறும் 0.5 சதவீதம்தான். அவர்கள் வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போவதும் அதிகரிக்கவில்லை. அதாவது, திறமை தொழிலாளியிடம் வளர்ந்தது. பலனில் பெரும்பகுதி நிறுவனத்திடம் போனது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். சிங்கர் மிஷின் ஓட்டத் தெரியும், ஓவர்லாக் தெரியும் என்றால் அடுத்த கம்பெனியில் பத்து நிமிடத்தில் தைத்துக் காட்டிவிடலாம். 'எனக்குப் பிரச்சினையைச் சரியாகச் சொல்லத் தெரியும், பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்து வேலை வாங்கத் தெரியும்' என்பதை எப்படிக் காட்டுவது? காட்ட முடியாத திறமைக்குச் சந்தையில் விலை கிடைப்பது கஷ்டம்.

ஆகவே, மென்திறனை வளர்த்துக்கொள்பவர்கள் அதற்குச் சாட்சியும் சேர்த்துவைப்பது நல்லது. புதிதாக வந்தவருக்கு வேலை கற்றுக்கொடுத்தது, வாடிக்கையாளர் புகாரைச் சுமுகமாக முடித்தது, லைன் நிற்காமல் பார்த்துக்கொண்டது போன்றவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். சம்பள உயர்வு பேசும்போதும் அடுத்த வேலைக்குப் போகும்போதும், 'நான் நல்லா பழகுவேன் சார்' என்பதைவிட, 'போன வருஷம் மூணு பேருக்கு நான்தான் டிரெயினிங் கொடுத்தேன், மூணு பேருமே இப்ப தனியா மிஷின் பாக்குறாங்க' என்பது எடுபடும்.

எப்படி வளர்த்துக்கொள்வது?

மென்திறன் பிறவிக் குணம் இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் வரும். நீச்சல் மாதிரி, தண்ணீரில் இறங்கிப் பழக வேண்டும். அன்றாட வேலையிலேயே பழகக்கூடிய சில வழிகள்:

1. கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்

மேலதிகாரி ஒரு வேலை சொன்னதும் 'சரி சார்' என்று கிளம்பிவிடாதீர்கள். 'ரெண்டு ரிப்போர்ட், வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள, போன மாசக் கணக்கு மட்டும். சரிங்களா சார்?' என்று ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். விமானிகளும் கட்டுப்பாட்டு அறையின் உத்தரவை இப்படித்தான் திருப்பிச் சொல்வார்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

2. தாமதத்தை முன்கூட்டியே சொல்லுங்கள்

வேலை முடியாது என்பது புதன்கிழமையே தெரிந்தும், வெள்ளிக்கிழமை மாலை வரை சொல்லாமல் இருப்பதுதான் நம்மில் பலரின் பழக்கம். திட்டு வாங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறோம், அவ்வளவே. அதனால் மற்றவர்களின் திட்டமும் கெடுகிறது. 'முடியல' என்று மட்டும் சொல்லாமல், எது முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'முழுசும் திங்கட்கிழமைதான் முடியும் சார். வெள்ளிக்கிழமையே வேணும்னா முதல் பகுதியை மட்டும் முடிச்சுத் தர்றேன்.'

3. சந்தேகத்தை ஐந்து படியாகச் சொல்லிப் பழகுங்கள்

விமானத் துறைப் பயிற்சியில் சொல்லித்தரும் ஒரு வழி இது. முதலில் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கவனத்தைத் திருப்ப வேண்டும். அடுத்து நம் கவலையைச் சொல்ல வேண்டும். பிறகு பிரச்சினை என்ன என்பதை, அதன் பின் ஒரு தீர்வை, கடைசியாக அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும்.

திருப்பூர் பேக்கிங் செக்ஷனில் ஒருவர் இதைச் சொன்னால் இப்படி இருக்கும்: 'அண்ணா, ஒரு நிமிஷம். இந்த ஷிப்மெண்ட்ல எனக்கு ஒரு பயமா இருக்குதுங்க. அப்ரூவல் ஆன ஷேடும் இப்ப பேக் ஆகுற ஷேடும் ஒத்துப்போகலைங்க. ஒரு மணி நேரம் பேக்கிங்கை நிறுத்திட்டு செக் பண்ணிடலாம். சரிங்களாண்ணா?' மரியாதையும் குறையவில்லை. விஷயமும் நீர்த்துப்போகவில்லை.

4. ஆளை விட்டுவிட்டு வேலையைப் பற்றிப் பேசுங்கள்

'நீ எப்பவுமே லேட்டு' என்றால் எதிரில் இருப்பவர் சண்டைக்குத்தான் வருவார். 'இந்த வாரம் மூணு நாள் ஃபைல் பத்து மணிக்கு மேலதான் வந்துச்சு, அதனால என் வேலை மதியம்தான் தொடங்குது' என்றால் பேச ஒரு விஷயம் கிடைக்கும். முடிந்தவரை தனியாகச் சொல்லுங்கள். நான்கு பேர் முன்னால் சொன்ன குறை, சரியாகவே இருந்தாலும் உள்ளே இறங்காது.

அதேபோல உங்களிடம் யாராவது குறை சொன்னால் உடனே விளக்கம் கொடுக்க வேண்டாம். 'எந்த இடத்துல அப்படி ஆச்சுன்னு சொல்றீங்களா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை எழுதிக்கொள்ளுங்கள்.

5. மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லுங்கள்

அலுவலக குரூப்பில் 'ஹாய் சார்' என்று மட்டும் அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்பது முதல் இரண்டு வரியில் வந்துவிட வேண்டும். கோபத்தில் டைப் செய்த மெசேஜை அனுப்பும் முன் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி படியுங்கள். எழுத்துக்கு முகபாவம் கிடையாது. நீங்கள் சாதாரணமாக எழுதியது அவருக்குச் சூடாகத் தெரியலாம்.

6. மீட்டிங்கில் ஒரு கேள்வி

கூட்டத்தில் பேச பயமா? முதல் மாதம் ஒவ்வொரு மீட்டிங்கிலும் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே எழுதிவைத்த கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை. குரல் பழகிவிட்டால் கருத்து தானாக வரும்.

எல்லாம் ஊழியரின் பொறுப்புதானா?

இல்லை. வாய் திறந்தவரை நான்கு பேர் முன்னால் அசிங்கப்படுத்தும் அலுவலகத்தில், எத்தனை டிரெயினிங் கொடுத்தாலும் யாரும் பேசமாட்டார்கள். தவறையோ சந்தேகத்தையோ சொன்னால் தண்டனை கிடைக்காது என்ற நம்பிக்கையை 'உளவியல் பாதுகாப்பு' என்கிறார்கள். குழுக்களில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999இல் விரிவாக எழுதினார். பின்னர் கூகுள் நிறுவனம் தன் குழுக்களை 'ப்ராஜெக்ட் அரிஸ்டாட்டில்' என்ற பெயரில் ஆராய்ந்தபோதும், நன்றாகச் செயல்படும் குழுக்களில் மற்ற எதையும்விட முக்கியமாக இருந்தது இதுதான். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே பெரிய காரணமாகத் தெரிந்தது.

ஆக, மென்திறன் முதலில் தேவைப்படுவது மேனேஜருக்கும் சூப்பர்வைசருக்கும்தான். கெட்ட செய்தி கொண்டுவந்தவரிடம் முதலில் 'சொன்னதுக்கு நன்றி' என்று சொல்லப் பழகினாலே, அடுத்த கெட்ட செய்தி சீக்கிரம் வந்து சேரும்.

எது மென்திறன் இல்லை?

இந்தச் சொல்லைத் தவறாகப் பயன்படுத்துபவர்களும் உண்டு. எதிர்க்கேள்வி கேட்காமல் இருப்பது, கூடுதல் நேர வேலைக்குச் சம்பளம் கேட்காமல் இருப்பது, அவமானத்தைச் சிரித்துக்கொண்டே சகிப்பது எல்லாம் 'அட்ஜஸ்ட்' ஆகலாம். மென்திறன் ஆகாது.

குறிப்பாகப் பாலியல் தொல்லை. 'இதையெல்லாம் பெரிசு பண்ணாம ஸ்மார்ட்டா ஹேண்டில் பண்ணும்மா' என்ற அறிவுரைக்குச் சட்டத்தில் இடமில்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் புகார் தரலாம். தகுந்த காரணம் இருந்தால் இந்தக் காலக்கெடுவை குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

கன்சல்டன்சிக்குப் பணம் கட்டித்தான் கற்க வேண்டுமா?

தேவையில்லை. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1ஆம் தேதி தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் தொழில்நுட்பப் பயிற்சியோடு ஆங்கிலப் பேச்சு, நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது போன்றவற்றுக்கும் இடம் இருக்கிறது. கல்லூரிகள் வழியாகவே இந்தப் பயிற்சிகள் தரப்படுகின்றன. ஐ.டி.ஐ.களில் வேலைவாய்ப்புத் திறன் ஒரு பாடமாகவே இருக்கிறது. மத்திய அரசின் ஸ்வயம், ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். தளங்களில் மென்திறன் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழுக்கான தேர்வு எழுத மட்டும் கட்டணம். மேலே சொன்னபடி, காட்ட முடியாத திறமைக்கு விலை கிடைப்பது கஷ்டம் என்பதால் அந்தச் சான்றிதழ் உதவக்கூடும்.

ஆனால் எந்த வகுப்பும் பாதி வழிதான் கொண்டுபோகும். மீதி, வேலை இடத்தில் பழகிப் பழகி வருவது.

ஏ.ஐ. வந்த பிறகும் இதற்கு மதிப்பு இருக்குமா?

கம்ப்யூட்டர் வந்த காலத்தில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். அமெரிக்க வேலைச் சந்தையை ஆராய்ந்த ஹார்வர்டு பொருளாதார அறிஞர் டேவிட் டெமிங் 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1980க்கும் 2012க்கும் இடையில், மனிதர்களோடு அதிகம் பழக வேண்டிய வேலைகளின் பங்கு அங்கே ஏறக்குறைய 12 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ள, மனிதர்களோடு பேசி, ஒத்துப்போய், மாற்றி யோசித்துச் செய்யும் வேலைக்கு மவுசு கூடியது.

உலகப் பொருளாதார மன்றத்தின் 2025ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு அறிக்கையிலும், நிறுவனங்கள் முக்கியம் என்று சொன்ன திறன்களில் பகுத்தாய்ந்து சிந்திப்பது முதலிடத்தில் இருக்கிறது. அடுத்த இடங்களில் நெகிழ்ந்து மீண்டெழும் தன்மை, தலைமைப் பண்பு போன்றவை வருகின்றன.

மெயிலை ஏ.ஐ. அழகாக எழுதித் தந்துவிடும். அந்த மெயிலை இப்போது அனுப்பலாமா, நேரில் போய்ப் பேசுவது நல்லதா என்பதை முடிவு செய்ய, எதிரில் இருப்பவரைத் தெரிந்திருக்க வேண்டும். அது அவருடன் வேலை பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை யாராவது 'உனக்கு சாஃப்ட் ஸ்கில் பத்தல' என்று சொன்னால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். 'எந்த இடத்துல சார்? ஒரு உதாரணம் சொல்லுங்க, சரி பண்ணிக்கிறேன்' என்று கேளுங்கள். அவரிடம் உதாரணம் இருந்தால் உங்களுக்கு ஒரு பாடம் கிடைக்கும். இல்லாவிட்டால், அந்த வரியைச் சுமந்துகொண்டு திரிய வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.